26 வயசுல சொப்பு வச்சு வெளையாடக் கூடாதா?

வளந்த புள்ளைக்கு சொப்புச் சாமானெல்லாம் எதுக்குன்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், என் தங்கச்சி அத வச்சுக்கிட்டு சந்தோஷமா இருக்குறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? கோவத்துல கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். இதனால அவளுக்கு இன்ன கெடுதல்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. சொல்றதெல்லாம் பாக்குறவங்க என்ன நெனப்பாங்கங்கிறதுதான்.

என் தங்கச்சிக்கு 26 வயசு, டவுன் சிண்ட்ரோம், பொறப்புலயே வர்ற அறிவுசார் குறைபாடு. அவளுக்கு சொப்புச் சாமான்னா உயிரு. மரச்சொப்பு, மண்சொப்பு, எவர்சில்வர், பிளாஸ்டிக்குன்னு எல்லாம் வச்சிருக்கா. சித்திரைத் திருவிழா சமயத்துல எங்க மதுரை தமுக்கம் மைதானத்துல பொருட்காட்சி போட்டா ராட்டினத்துக்கு முன்னாடி அவ கண்ணு போறது சொப்புக் கடைக்குத்தான். சின்ன அம்மி, சின்ன இட்லிச்சட்டி, கைப்பிடி வச்ச குட்டி வாணலி, எத யார் வாங்கிக் குடுத்தாங்கன்னு கேட்டா டக்குனு சொல்லுவா. சாயங்காலம் ஆனா அடுப்படி வாசல்ல உக்காந்து எல்லாத்தையும் அடுக்கி, அம்மாகிட்ட ஒரு பிடி அரிசியும் கொஞ்சம் பொட்டுக்கடலையும் வாங்கி, சோறு கொழம்பு பொரியல்னு ஆக்கி வீட்ல இருக்குற எல்லாருக்கும் பரிமாறணும், யாருக்கு என்ன பிடிக்கும் எது ஆகாதுன்னு அவளுக்கு அத்துப்படி, அப்பாவுக்கு சுகர் இருக்குறதால அவர் தட்டுல மட்டும் பாயாசம் வைக்க மாட்டா. இதப் பாத்துட்டு ஒருத்தர் இது மூணு வயசுப் புள்ள வெளையாட்டுன்னு சொன்னா என்னால ஏத்துக்க முடியல. மூணு வயசுப் புள்ளைக்கு அப்பாவோட சுகர் தெரியாதுங்க.

விருந்தாளி வந்தா அதையெல்லாம் பரண்ல தூக்கிப் போடுங்கன்னு சொல்ற சொந்தக்காரங்கள விட்டுரலாம், அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான். படிச்சவங்க சொல்றதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. ஸ்பெஷல் ஸ்கூல், தெரபி சென்டர்னு அலையுற எல்லாப் பெத்தவங்களும் "ஏஜ் அப்ராப்ரியேட் இல்லம்மா"ன்னு ஒரு தடவையாச்சும் கேட்டிருப்பாங்க. வயசுக்குத் தகுந்த பாட்டு, வயசுக்குத் தகுந்த பொருள், இல்லாட்டி வீட்ல ஒளிச்சு வைங்க.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா, ஆரம்பம் நல்ல எண்ணம்தான். ஒரு காலத்துல அமெரிக்கா ஐரோப்பாலயெல்லாம் அறிவுசார் குறைபாடு உள்ளவங்கள பெரிய பெரிய விடுதிகள்ல அடைச்சு வச்சு, நாப்பது வயசு ஆளையும் கைக்குழந்தை மாதிரி நடத்துனாங்க. அத எதிர்த்து 1969ல சுவீடன்காரர் பெங்ட் நீர்யே, இவங்களுக்கும் மத்தவங்க மாதிரி நாள், வருசம், வயசுக்கேத்த அனுபவம் எல்லாம் கெடைக்கணும்னு எழுதுனாரு. 1972ல உளவியல் அறிஞர் வுல்ஃபென்ஸ்பெர்கர் அத வட அமெரிக்காவுல இன்னும் நீட்டி, ஊர் மதிக்கணும்னா உடுப்பு, கையில இருக்குற பொருள் எல்லாம் வயசுக்குப் பொருந்தணும்னு சொன்னாரு. 70கள் கடைசியில அமெரிக்காவோட விஸ்கான்சின்ல சிறப்புக் கல்விப் பேராசிரியர் லூ பிரவுனும் அவர்கூட இருந்தவங்களும், பெரிய பசங்கள உக்கார வச்சு ஓட்டையில குச்சி சொருக விடாம பஸ் ஏற, கடையில சாமான் வாங்க கத்துக்குடுங்கன்னு பாடத்திட்டத்தையே மாத்துனாங்க. இதுல எதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த நீர்யே போட்ட பட்டியல்லயே இன்னொண்ணும் இருக்கு, அவங்களோட விருப்பத்தையும் ஆசையையும் முடிஞ்ச வரைக்கும் மதிக்கணும்னு. அந்த ஒண்ண மட்டும் நம்ம ஊருக்கு வர்ற வழியில கீழ போட்டுட்டோம். என்ன கத்துக்குடுக்கணும்னு பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது, ஓய்வு நேரத்துல அந்தப் புள்ள என்ன செய்யணும்னு வீட்டுக்குள்ள வந்து நிக்குது.

என் தங்கச்சி வேலையே செய்யாமயா இருக்கா? தொழிற்பயிற்சி சென்டர்ல பேப்பர் கவர் ஒட்டுறா, வீட்ல பூண்டு உரிப்பா, துணி மடிப்பா. அது வேலை. வேலை முடிச்சுட்டு வந்து ஒரு மனுசி என்ன செய்யணும்ங்கிறது அவ இஷ்டம். நம்ம நாடு 2007லயே கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்ட ஐநா உடன்படிக்கையோட முதல் கொள்கையே மாற்றுத்திறனாளிகளோட கண்ணியம், சொந்தமாத் தேர்ந்தெடுக்குற சுதந்திரம். நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட முன்னுரையிலயும் அதேதான் இருக்கு. அந்த ஐநா உடன்படிக்கையோட 30வது பிரிவு பொழுதுபோக்கு, வெளையாட்டு, கலைன்னு தனியாவே பேசுது. அதுலயும் வயசுக்குத் தகுந்த மாதிரின்னு எங்கயும் கெடையாது, மத்தவங்களுக்குச் சமமான்னுதான் இருக்கு.

இன்னொரு விஷயம், இந்த சோஷியல் ஏஜ். மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்டுக்காக வைன்லேண்ட் ஸ்கேல் போட்டு பாப்பாங்க, சட்டை பட்டன் போடுவாளா, தனியா கடைக்குப் போவாளான்னு அம்மாகிட்ட கேட்டு கடைசியில ஒரு வயசு எழுதுவாங்க. குறைபாடு எத்தன சதவீதம்னு போடுறதுக்கு அது தேவைப்படுது, சரி. ஆனா அந்தக் காகிதத்துல அஞ்சு வயசுன்னு பாத்துட்டு வந்த அன்னிலேருந்து பல வீட்ல அந்தப் புள்ள அஞ்சு வயசுலயே நின்னு போயிருது. 26 வருசம் இந்த ஒடம்போட, இந்த வீட்ல, இத்தனை சாவும் கல்யாணமும் பாத்து வாழ்ந்த ஆளுங்க அவ. பட்டன் போடத் தெரியாததுக்கும் வாழ்ந்த காலத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்க ஆச்சி செத்தப்ப ஒரு மாசம் தெனமும் ஆச்சிக்கு ஒரு தட்டு சொப்புச் சோறு வச்சா. சாவு வீட்ல சின்னப் புள்ளைங்களகூட இருக்க விட்டுட்டு அவள மட்டும் "உனக்கு ஒண்ணும் புரியாது, உள்ள போ"ன்னு சொன்னாங்க.

அதுவும் நம்ம ஊர்ல வளந்தவங்க பொம்மை வைக்கக் கூடாதாம். கொலு வைக்கிற வீடுங்கள யோசிச்சுப் பாருங்க. வெளாச்சேரி மண் பொம்மைய பாத்துப் பாத்து வாங்கி, படிக்கட்டி, செட்டியார் கடை போட்டு, குட்டிக் கடையில குட்டித் தராசு வச்சு, கீழ கேழ்வரகு மொளைக்க வச்சு பார்க் கட்டி, அதுல பிளாஸ்டிக் மான் விட்டு, அறுபது எழுபது வயசு மாமிங்கள்லாம் எவ்ளோ ஆசையா செய்றாங்க, ஊரே போய் பாத்து சுண்டல் வாங்கிட்டு வருது. ரொம்ப அழகான விஷயம் அது. அதே ஆசையோட என் தங்கச்சி வருசம் முழுக்க அடுக்குனா ஏன் மனசு சங்கடப்படுது? அவ முகத்தப் பாத்தவொடன நம்ம மண்டையில குழந்தைன்னு விழுந்துருது, அதான் காரணம்.

எங்க தெருவுல ஒரு பையன், 15 வயசு, ஆட்டிசம். அவனுக்கு டவுன் பஸ்ஸுன்னா போதும், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார்னு போர்டு படிக்கிறதும் கதவு மூடுற சத்தம் போடுறதும்தான் அவன் உலகம். ஆட்டிசம் கண்டுபிடிக்கிறதுக்கு வச்சிருக்குற டிஎஸ்எம்-5 அளவுகோல்லயே இந்த மாதிரி அழுத்தமான ஈடுபாடு ஒரு அறிகுறின்னு போட்டுருக்கு, அதனாலயே அத கொறைக்கணும்னு நெனைக்கிறவங்க நெறைய. அவனுக்கு வந்த தெரபிஸ்ட் பஸ் வீடியோவ ரீஇன்ஃபோர்ஸரா, அதாவது சொன்னதச் செஞ்சா குடுக்குற பரிசா மாத்திட்டாங்க, பத்து கார்டு சரியா எடுத்துவச்சா ரெண்டு நிமிசம் வீடியோ, இல்லாட்டி கட். ஒரு பையனுக்கு உலகத்துல இருக்குற ஒரே நிம்மதிய கூலியா மாத்துறது எனக்கு மனசே ஆறல. இந்தப் பக்கம் அவங்க மாமா, இவ்ளோ ஞாபகசக்தி இருக்கே, இத வச்சு ரெக்கார்டு பண்ணலாம், டிவியில வரலாம்ங்கிறாரு. ஒண்ணு புடுங்கணும், இல்லாட்டி அதுலேருந்து ஏதாச்சும் தேறணும். சும்மா பிடிச்சிருக்குன்னு ஒரு பஸ்ஸ பாத்துக்கிட்டு நிக்க அவனுக்கு உரிமை இல்லையா? நாம கிரிக்கெட் பாக்குறதுனால என்ன தேறுது?

ஆனா ஒண்ணு, சொப்பு பிடிக்குதுன்னு அவள கைக்குழந்தையாட்டம் நடத்துறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். பொறந்தநாளுக்கு கரடி பொம்மை ஃப்ராக் வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க, கன்னத்தக் கிள்ளுறவங்க இருக்காங்க, அவ முன்னாடியே அவளப் பத்தி இது ராத்திரி தூங்குதான்னு எங்ககிட்ட கேக்குறாங்க. அவளுக்கு சேலை பிடிக்கும், நெயில் பாலிஷ் பிடிக்கும், மாச விலக்குக்கு என்ன செய்யணும்னு அம்மா சொல்லிக் குடுத்து அவளே பாத்துக்குறா, டாக்டர் அவகிட்டதான் மொதல்ல பேசணும்னு நான் கேட்டு வாங்குறேன். ஓட்டும் போடுறா. கோர்ட்டு ஒருத்தர மனநிலை சரியில்லாதவர்னு தீர்ப்பு சொல்லியிருந்தா ஒழிய ஓட்டுரிமைய யாரும் தடுக்க முடியாது, நெறைய பெத்தவங்களுக்கு இது தெரியாம புள்ளைங்க பேர சேக்காமலே விட்டுர்றாங்க. ஓட்டுப் போட்டு வந்து மையி வச்ச வெரலோட சொப்புல காபி ஆத்துவா, ரெண்டும் அவதான்.

கஷ்டமான எடமும் இருக்கு, மறைக்க வேணாம். ஆம்பளப் பசங்க பாடு ரொம்பத் திண்டாட்டம். இருவது வயசுப் பையன் பார்க்ல ஊஞ்சல் கேட்டா வாட்ச்மேன் விசில் அடிக்கிறாரு, சின்னப் புள்ளைங்க பக்கத்துல போய் நின்னா அந்தப் புள்ளைங்களோட அம்மாக்கள் பயப்படுறாங்க, அவங்க பயத்தையும் நான் கொறை சொல்ல மாட்டேன். யார தொடலாம், எவ்ளோ தள்ளி நிக்கணும், தெரியாதவங்க போன்ல கேட்டா என்ன சொல்லணும்ங்கிறதையெல்லாம் கத்துக்குடுத்தே ஆகணும், அதுக்கு அவன் வயசத்தான் பாக்கணும். ஆனா அதுக்காக ஊஞ்சலையே நிறுத்துறது என்ன நியாயம்? பெரியவங்க வெயிட்டு தாங்குற ஊஞ்சல் ரெண்டு பார்க்ல போடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு குடுங்க, நானும் கையெழுத்துப் போடுறேன்.

ஜூன்ல ஸ்கூல் தெறந்தவொடன ஐஇபி, அதாவது ஒவ்வொரு புள்ளைக்கும் தனியா எழுதுற கல்வித் திட்டத்துக்கு மீட்டிங் வைப்பாங்க இல்லையா, இந்த வருசம் போறப்ப பெத்தவங்க, இல்ல என்ன மாதிரி கூடப் பொறந்தவங்க, டீச்சர்கிட்ட ஒரு வரி சேக்கச் சொல்லுங்க, இந்தப் புள்ளைக்குப் பிடிச்சது இது, தெனமும் இதுக்கு இவ்ளோ நேரம், எந்த டாஸ்க் முடிக்காட்டியும் இத புடுங்கக் கூடாதுன்னு. ரீஇன்ஃபோர்ஸர்னு போட்டுருக்குற கட்டத்துல எழுத விடாதீங்க, தனியா எழுதச் சொல்லுங்க. முடியாதுன்னு சொன்னாங்கன்னா என்ன காரணம் சொன்னாங்கன்னு கமெண்ட்ல போடுங்க, பேசுவோம்.