ஒன்றரை ஷிப்ட் கணக்கு

வாரம் 70 மணி நேரம் உழைத்தால் உற்பத்தி பெருகும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள் ஐயா. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினொரு வருடம் செக்கிங் வேலை பார்த்தவள் நான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு என்றால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி ஒரு மணியும் ஆகும். பொழுது சாய்ந்த பிறகு பார்க்கிற பீஸ்களில்தான் ஓட்டையும் கறையும் தையல் விட்டதும் கண்ணில் படாமல் போகும். மறுநாள் கட்டிய பெட்டிகளையே பிரித்து மறுபடி பார்ப்போம். அந்த நேரத்தை யாரும் உற்பத்தியில் கழித்துப் பார்த்ததில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை.

முதல் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பதிவுகளைப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவெல் ஆராய்ந்து 2014இல் எழுதினார். அங்கேயும் பெரும்பாலும் பெண்கள்தான். வாரம் 70 மணி நேரம் உழைத்தும், 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிட உற்பத்தி பெரிதாகக் கூடவில்லை. 14 மணி நேரம் அந்தப் பெண்களின் தூக்கத்தில் இருந்து போனது.

2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அப்போதும் மணிக்கணக்கைத்தான் பேசினோம். அடுத்த கட்டுரையிலாவது டேமேஜ் பீஸ் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள்.