குளச்சல் கடல் ‘அமிலமாகி’ விட்டதா?

குளச்சல் கடல்நீரின் பிஎச் (அமில-கார அளவு) 6 ஆகிவிட்டது, சிப்பி ஓடு கரைகிறது, சாப்பிடாதீர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, நிறம் மாறும் பிஎச் சோதனைத் தாள் படத்தோடு சுற்றுகிறது. தவறான தகவல்.

பிஎச் 7-க்குக் கீழே இருந்தால்தான் அமிலம். திறந்த கடலின் மேற்பரப்பு நீர் சராசரியாக 8.1, தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2. ‘கடல் அமிலமயமாதல்’ என்பது இந்தச் சரிவுதான். சிறிதல்ல, அளவுகோல் மடக்கையில் (ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு) இருப்பதால் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. ஆனாலும் நீர் இன்னும் காரத்தன்மையே.

6 எப்படி வந்தது? பெரும்பாலும் நீர் எடுத்த, அளந்த விதத்தில். வாளியில் மொண்டு மணிக்கணக்கில் வைத்தால் நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டு கார்பன் டை ஆக்சைடு கூடும், பிஎச் சற்று இறங்கும். மலிவான தாள் முழு எண்ணைத்தான் காட்டும், அதையும் கண்ணளவில் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குப்பியை நீருக்கடியிலேயே குமிழி இல்லாமல் நிரப்பி மூடி, பிஎச் 7, 10 என்று அளவு தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிசெய்த மீட்டரால் உடனே அளக்க வேண்டும்.

தென்மேற்குப் பருவத்தில் அடிநீர் மேலெழும்போது இங்கே குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் வருவது உண்மை. அப்போது பிஎச் சற்றுக் குறையும், 6 ஆகாது.

நிஜமான அமில நீர் வேண்டுமென்றால் மத்திய இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரின் கைரெய் வெந்நீர் ஊற்றுக்குப் போக வேண்டும்: ஊற்றுவாயில் பிஎச் சுமார் 3.5. பக்கத்திலேயே இரும்பு சல்பைடுச் செதில் போர்த்திய நத்தை வாழ்கிறது.

சிப்பி வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறு: வாய் திறந்து, தட்டினாலும் மூடாததைத் தள்ளிவிடுங்கள்.