இந்தியா போட்ட வரியும் நாம் போடும் வரியும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காலையில் தேநீர்க் கடைக்குப் போனால் செம்பனை விலையைப் பேசாமல் யாரும் எழுந்திருப்பதில்லை. 2024 செப்டம்பரில் இந்தியா செம்பனை எண்ணெய்க்கான (பாமாயில்) இறக்குமதி வரியை ஏற்றியபோது மாமாவுக்குக் கடுமையான கோபம். "நம்ம எண்ணெயில சமைச்சுட்டு நமக்கே வரி போடுறாங்களே, இது நியாயமா?" என்றார். அவருக்கு மூன்று ஏக்கர் செம்பனை இருக்கிறது. செம்பனைப் பழக்குலை விலை டன்னுக்குப் பத்து வெள்ளி (ரிங்கிட்) இறங்கினாலும் வீட்டுச் செலவில் இடிக்கும்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் அவர் பக்கம் முழுதாகச் சாயமாட்டேன். அந்த வருடம் இந்தியாவில் சோயா விலை அரசு அறிவித்த ஆதரவு விலைக்கும் கீழே கிடந்தது. அங்கேயும் மூன்று ஏக்கர்க்காரர்கள்தான். வெளி எண்ணெய் மலிவாக வந்தால் அவர்கள் விலை இன்னும் இறங்கும் என்று, சுத்திகரிக்காத கச்சா செம்பனை எண்ணெய்க்கு மொத்த வரி 27.5 விழுக்காடு, சுத்திகரித்ததற்கு 35.75 என்று ஏற்றினார்கள். 2025 மே கடைசியில் கச்சா எண்ணெய்க்கு மட்டும் 16.5 ஆகக் குறைத்தார்கள். 'கச்சாவாகக் கொண்டு வா, சுத்திகரிப்பு வேலை எங்கள் ஆலையில் நடக்கட்டும்' என்பதுதான் அந்த இடைவெளியின் பொருள்.

சரி, நாம் என்ன செய்கிறோம்? அதையேதான், மறுபக்கத்திலிருந்து. கச்சா எண்ணெய் வெளியே போனால் ஏற்றுமதி வரி. விலை ஏற ஏற வரியும் ஏறி 10 விழுக்காடு வரை போகும். சுத்திகரித்து அனுப்பினால் அந்த வரி இல்லை. 1970களில் நம் சுத்திகரிப்பு ஆலைகள் வளர்ந்ததே இந்த வித்தியாசத்தால்தான். உலக வணிக அமைப்பின் விதிகளிலும் ஏற்றுமதி வரிக்குப் பொதுவான தடை கிடையாது. இது தப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாசிர் கூடாங் ஆலையில் வேலை கிடைத்துத்தான் என் அண்ணன் தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்தார்.

ஆனால் அந்த வரியின் பாரம் யார் தலையில் விழுகிறது? வெளியே விற்றால் வரி உண்டு என்பதால் உள்ளூரில் கச்சா எண்ணெய் விலை இறங்குகிறது. எண்ணெய் இறங்கினால் குலையும் இறங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டன் எண்ணெய் 4,200 வெள்ளி என்றால் 10 விழுக்காடு வரி 420 வெள்ளி. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய ஐந்து டன் குலை வேண்டும். அப்படியென்றால் டன் குலைக்கு 84 வெள்ளி. முழுதும் மாமா தலையில் விழாது, பாதி விழுந்தாலும் 42 வெள்ளி. ஆலைக்குக் கிடைக்கும் சலுகையில் ஒரு பங்கை மாமாதான் கட்டுகிறார். இது அவருக்கே தெரியாது! குலை வாங்குபவர் தரும் ரசீதில் எடை இருக்கிறது, விலை இருக்கிறது, இந்தக் கழிவைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை.

டில்லியின் வரியைப் பற்றிக் கடையில் எல்லாரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதே குரலில் இங்கேயும் கேட்க வேண்டும். கச்சா எண்ணெய் வரியில் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கைச் சிறு தோட்டக்காரர்களின் மறுநடவுக்கென்று ஒதுக்கட்டும். மாமாவின் மரங்களுக்கு 25 வயது தாண்டிவிட்டது. வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைத்தால் மூன்று வருடம் வருமானம் இல்லை. அந்த மூன்று வருடத்தை நினைத்துத்தான் அவர் இன்னும் கோடாரியைத் தொடவில்லை.