காரத்துக்கு வினைச்சொல் எங்கே?

இனிக்குது, புளிக்குது, கசக்குது, துவர்க்குது, உப்பு கூடினால் கரிக்குது. அறுசுவையில் ஐந்துக்கு வினைச்சொல் தயாராக இருக்கிறது. காரத்துக்கு மட்டும் 'காரமா இருக்கு' என்று ஒரு 'இருக்கு'வைத் துணைக்குக் கூப்பிடுகிறோம். எனக்கு இது ரொம்ப நாள் உறுத்தல்.

பழைய வினை ஒன்று உண்டு: கார்த்தல். கார்ப்பு அதன் பிள்ளைதான். ஆனால் 'குழம்பு கார்க்குது' என்று இன்று யாரும் சொல்வதில்லை. இன்னொரு பக்கம் வடமொழி க்ஷாரமும் காரமாகி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குச் சாம்பல் உப்பு, அரிக்கும் பொருள் என்று அர்த்தம். படிகாரம், வெங்காரம், பள்ளிக்கூடத்து 'அமிலமும் காரமும்' எல்லாம் அந்த வகையறா. போதாததற்கு, ஸ்வீட் கடையில் காரம் என்றால் மிக்சர், காராசேவு. அதில் பாதி நாக்கைச் சுடுவதே இல்லை! தெலுங்கிலோ மிளகாய்த்தூளுக்கே காரம் என்று பெயர். ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்?

மிளகாயே போர்ச்சுக்கீசியர் காலத்தில் வந்த சரக்கு. அதற்கு முன் நமக்கு மிளகுதான். அன்று அதன் பெயர் கறி. முசிறியில் யவனர் கப்பல் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு 149. புதுக்காய் வந்ததும் மிளகின் பெயரையே ஒட்டி மிளகாய் ஆக்கினோம். கன்னடத்திலும் அதே கதை, மெணசினகாயி.

சரி, வினைச்சொல்? கையிலேயே இருக்கிறது: உறைக்குது. ஈழத்தில் 'உறைப்பு' என்று பெயர்ச்சொல்லாகவும் புழங்குகிறது. காரத்தை விடப் பொருத்தமான சொல் என்பேன். மிளகாயில் உள்ள காப்சைசின் என்ற வேதிப்பொருள் தூண்டுவது சுவை மொட்டை அல்ல, சூட்டையும் வலியையும் உணரும் நரம்பை. அந்த நரம்பில் காப்சைசினை உணரும் புரதத்தை, அதாவது ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகாய் கிள்ளிய கையைக் கண்ணில் வைத்தாலும் எரிவது அதனால்தான். நம் 'உறைக்குது'வும் நாக்கோடு நிற்பதில்லை. 'இவ்வளவு திட்டியும் அவனுக்கு உறைக்கவே இல்லை' என்கிறோமே, அங்கே மிளகாய் ஏது?

'உறைப்பு யாழ்ப்பாணத் தமிழாச்சே' என்று சிலர் தள்ளிவைக்கிறார்கள். மதுரையிலும் சட்னி உறைக்கத்தானே செய்கிறது? வினையை நாம் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் ஏன் கடல் தாண்டி அனுப்ப வேண்டும்? இது தூய தமிழ்ச் சண்டை இல்லை. காராபூந்திக்குப் பெயர் மாற்றச் சொல்லி யாரும் வந்தால் நானே எதிர்ப்பேன்.