எஃப்.பி.ஐ தடை போடவில்லை, கடிதம்தான் அனுப்பியது

அமெரிக்க ராப் குழுவான என்.டபிள்யூ.ஏவின் போலீஸ் எதிர்ப்புப் பாட்டு, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவர் போலீசாரிடம் அடிபட்ட கோபத்தில் பிறந்தது, அதை அமெரிக்க அரசின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ தடை செய்தது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

தடை எதுவும் இல்லை. 1989 ஆகஸ்டில் எஃப்.பி.ஐயின் மக்கள் தொடர்பு அதிகாரி மில்ட் ஆலெரிக், அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை விற்ற இசை நிறுவனமான பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தப் பாட்டு போலீசார் மீதான வன்முறையைத் தூண்டுகிறது என்பது அவர் புகார். அதற்குப் பிறகும் ஆல்பம் கடைகளில் விற்றது. ஆனாலும் அரசு முத்திரையோடு வந்த கடிதம் சின்ன மிரட்டல் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

ராட்னி கிங்கை லாஸ் ஏஞ்சலஸ் போலீசார் அடித்தது 1991 மார்ச்சில்தான். அதாவது கடிதமே அதற்கு முன்னால் வந்துவிட்டது! பாட்டைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள், அது ஒரு நீதிமன்றக் காட்சி. குழுவில் ஒருவரான டாக்டர் ட்ரே நீதிபதி. குழுவின் மற்ற ராப்பர்களான ஐஸ் க்யூப், எம்.சி. ரென், ஈஸி-ஈ மூவரும் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி சொல்கிறார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பது போலீஸ். கறுப்பின இளைஞன் என்பதற்காகவே தெருவில் நிறுத்திச் சோதிப்பதைத்தான் ஐஸ் க்யூப் முதலில் சொல்கிறார். வீடியோ கேமராவில் சிக்கிய ராட்னி கிங் சம்பவம் ஒன்றுக்கு மட்டும் வந்த பதிலாக அதைச் சுருக்கினால், அதற்கு முன் யாரும் படம்பிடிக்காத அத்தனை அடிகளும் மறைந்துபோகும்.