மைக்கை அந்த அக்காவிடமே விட்டிருக்கலாம்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை நடந்த சிறு விவசாயிகள் கூட்டத்தில், பேசிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடமிருந்து மைக்கைப் பறித்த வீடியோ இதற்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றி வந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஆனால் வீடியோ எடுத்த தம்பி மேடையை மட்டும்தான் எடுத்திருக்கிறார். கீழே உட்கார்ந்திருந்த எங்களுக்கு என்ன நடந்தது என்பது அதில் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கோபம் கொஞ்சம் இறங்கட்டும் என்று பொறுத்துப் பார்த்தேன். இறங்கவில்லை.

பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அக்கா, துவரையில் வண்டு ஏறாமல் இருக்கச் செம்மண் கட்டுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சலிச்ச செம்மண்ணக் கரைச்சு, ரொம்பத் தண்ணியாவும் போயிராம, கெட்டியாவும் இல்லாம..." என்று விரல்களைத் தேய்த்துப் பதம் காட்டிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த பெரியவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பதிவுச் சீட்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்திருந்தார். அப்போதுதான் அந்த ஒருங்கிணைப்பாளர் வந்தார். "அம்மா, சீஃப் கெஸ்ட் கிளம்பணும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிக்கொண்டே மைக்கைக் கையிலிருந்து வாங்கிவிட்டார். அக்கா "சரிங்க சார்" என்று இறங்கிவிட்டார். பெரியவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த "அப்புறம்" சாயங்காலம் வரை வரவே இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சிறு விவசாயிகளுக்கென்று கூட்டம் போட்டால் அங்கே சிறு விவசாயி பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம்.

காலையில் பத்து மணிக்குத் தொடங்கும் என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். எழுமலை, டி.கல்லுப்பட்டி, கொட்டாம்பட்டி என்று எங்கெங்கிருந்தோ முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் ஒன்பதுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பூ எடுக்கிற வீட்டுக்காரர்கள் விடியும் முன்னே மொட்டுப் பறித்து, மார்க்கெட்டில் போட்டுவிட்டு, குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராக வந்திருந்தார்கள். விளக்கேற்ற ஒரு நேரம், பொன்னாடைக்கு ஒரு நேரம், நினைவுப் பரிசுக்கு ஒரு நேரம். அப்புறம் வாழ்த்துரை, வாழ்த்துரை, மறுபடியும் வாழ்த்துரை. விவசாயம்தான் நாட்டின் முதுகெலும்பு என்று நாலு பேர் சொன்னார்கள். எங்களுக்கு அது தெரியும். செம்மண் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் பல பேருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தோம். "விவசாயிகள் அனுபவப் பகிர்வு" என்று சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி, அதையும் பாதியில் பிடுங்கிக்கொண்டால் நாங்கள் எதற்கு வந்தோம்?

அக்கா சொல்லாமல் விட்டதைச் சாப்பாட்டுப் பந்தியில் போய்க் கேட்டேன். செம்மண் குழம்பைத் துவரையில் ஊற்றி, எல்லா மணியிலும் பிடிக்கிற மாதிரி பிசைந்து, ராத்திரி முழுக்கக் குவித்துச் சாக்குப் போட்டு மூடி வைக்க வேண்டும். மறுநாள் களத்தில் பரப்பி நன்றாகக் காயவிட்டு எடுத்து வைத்தால் வண்டு லேசில் ஏறாது. "வண்டு வீட்டுக்கு வந்து ஏறுறதில்லய்யா, காட்டுல காய்லயே முட்டைய வச்சிருது. அதனால அடிச்சு எடுத்த கையோட காய வச்சுரணும், நாளைக்கிப் பாத்துக்கிருவோம்னு போடக் கூடாது" என்றார். பயறு வண்டைப் பற்றிப் பாடப்புத்தகமும் இதையேதான் சொல்கிறது. படித்தவர்கள் பூச்சியின் பெயரைச் சொல்வார்கள், அக்கா எந்த நாளில் காயவைக்க வேண்டும் என்று சொன்னார். எனக்கு வேண்டியது நாள்.

சரி, இதற்கு என்னென்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறது.

"கூட்டம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா, மண்டப வாடகை யார் தருவது?" என்கிறார்கள். கஷ்டம்தான். மறுக்கவில்லை. பந்தல், சாப்பாடு, மைக் செட் என்று ஓடிய இளைஞர்களை நானும் பார்த்தேன். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் மண்டபம் பெரிதாக இருந்ததால்தான் செலவு, செலவால்தான் சொட்டுநீர்க் கம்பெனிக்காரரின் பேனர், பேனரால்தான் அவருடைய பேச்சு. ஒரு புளியந்தோப்பில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தால் இதில் பாதி தேவைப்பட்டிருக்காது.

"அதிகாரிகளும் பிரமுகர்களும் வந்தால்தானே திட்டம் வரும்?" என்பது அடுத்தது. வரட்டும். வந்து, எங்களோடு உட்கார்ந்து, நாங்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகட்டும். மாதாமாதம் கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. மனு கொடுக்க அந்த இடம் இருக்கிறது. ஒரு சம்சாரி இன்னொரு சம்சாரியைப் பார்த்து "உனக்கு என்னப்பா விளைஞ்சது" என்று கேட்க இந்த ஒரு நாள்தான் இருந்தது.

"படித்தவர்களே வேண்டாம் என்கிறாயா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லவே இல்லை. ஒத்தக்கடை வேளாண் கல்லூரி 1965 முதல் இந்த மண்ணில் இருக்கிறது. குதிரைவாலியில் மதுரை 1 ரகம் அங்கிருந்து வந்ததுதான். எங்கள் ஊருக்கு வந்த ஒரு பேராசிரியர் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்து, "உங்க அப்பா காலத்துல இந்தக் காட்டுல என்ன போட்டீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அவரை மாதிரி ஆட்கள் எத்தனை பேர் வந்தாலும் தலைமேல் வைத்துக்கொள்வேன். கேட்கத் தெரிந்த படிப்பாளியும் இருக்கிறார், கேட்கவே விரும்பாதவரும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் இருந்தவர்கள் எந்த வகை என்று வீடியோவைப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். அதில் கொஞ்சம் மல்லிகை. ஒரு வருஷம் செடி வரிசையாக மஞ்சளடித்துக்கொண்டு வந்தது. உரக்கடையில் கேட்டால் நுண்ணூட்டம் என்று ஒரு பாட்டில், அது சரிப்படவில்லை என்றால் இன்னொரு பாட்டில். காசு போனதுதான் மிச்சம், பச்சை திரும்பவில்லை. அப்படியிருக்கும்போது ஒரு சின்னக் கூட்டத்துக்குப் போனேன். மேடை கிடையாது, நாற்காலிகூட நாலைந்துதான். டீ குடிக்கிற நேரத்தில் வலையங்குளத்து அண்ணன் ஒருவரிடம் போனில் செடியின் படத்தைக் காட்டினேன். படத்தைப் பெரிசாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "இலையவே பாத்துக்கிட்டு இருக்கீங்களே தம்பி, வேரைப் பாத்தீங்களா?" என்றார். வந்து ஓரத்துச் செடி ஒன்றைத் தோண்டிப் பார்த்தால், சல்லிவேர் முழுக்க மணி கோத்ததுபோல முடிச்சு. நூற்புழு, மண்ணுக்குள் இருந்து வேரைத் தாக்குகிற பொடிப்புழு. வேப்பம்பிண்ணாக்கு வைத்து, வரிசைக்கு இடையில் செண்டுப்பூ போடச் சொன்னார். செண்டு வேரிலிருந்து கசிவது அந்தப் புழுவுக்கு ஆகாது. போட்டேன். எல்லாச் செடியும் பிழைக்கவில்லை, ஆனால் தோட்டம் பிழைத்தது. செண்டுப்பூ விற்ற காசு வேறு.

அந்த அண்ணனுக்கு மேடையில் பேச வராது. மைக்கைக் கொடுத்தால் "வணக்கம்" சொல்லிவிட்டு நின்றுவிடுவார். ஆனால் என் தோட்டம் அவரால்தான் இன்றைக்கும் நிற்கிறது. இதைத்தான் சொல்கிறேன். விவசாயி பேச வேண்டும், விவசாயியிடம் விவசாயி பேச வேண்டும், அதற்கு நேரம் வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் அய்யா கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் அரசு வேலையில் இருந்தவர். அங்கே நடக்கிற வேலை மானாவாரிச் சம்சாரிக்கு உதவவில்லை என்று 1969-ல் உதறிவிட்டு வந்தார். அப்புறம் சாகும்வரை ஊர் ஊராக நடந்தார், கேட்டார், அதன் பிறகுதான் பேசினார். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் என்ன ஏற்பாடு? இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிக்கொண்டு போகிறவர் அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அப்படிக் கை மாறிக் கை மாறித்தான் 170-க்கு மேற்பட்ட நெல் ரகங்கள் மீண்டன. அங்கே வந்தவர் வாங்குகிறவராக மட்டும் திரும்பவில்லை, கொடுக்கிறவராகவும் ஆனார். நமது மண்டபத்தில் விதை கொண்டு வந்தவர்களை எங்கே உட்கார வைத்தார்கள் தெரியுமா? செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், வெயிலில். சுரைக்காய்க் குடுக்கையில் விதை கொண்டு வந்த ஒரு பாட்டி, வெயில் படாமல் இருக்க முந்தானையால் அதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏசி ஓடிய இடத்தில் பம்புசெட்டும் பவர் டில்லரும் நின்றன.

அதுவும் மதுரையில். 1999 நவம்பர் 14-ம் தேதி தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது இங்கே அண்ணா நகரில்தான். தரகர் இல்லாமல் விவசாயியே தராசைப் பிடிக்க முடியும் என்று காட்டிய ஊர் இது. காய் விற்கத் தரகர் வேண்டாம் என்று சொன்ன ஊரில், நாங்கள் வாய் திறப்பதற்கு ஒரு தரகர் எதற்கு?

"அவங்களுக்குக் கோர்வையாகப் பேச வராது, நேரம் இழுக்கும்" என்று ஒருவர் கமெண்டில் எழுதியிருந்தார். இதற்கு எனக்குப் பொறுமையாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் மேலூர்ப் பக்கத்து ஆணும் பெண்ணும் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே வந்து பேசியது கோர்வையாகத்தானே இருந்தது? 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாகும் அளவுக்கு டெல்லிக்குக் கேட்டதே. எங்கள் பேச்சு அரிட்டாபட்டி மலையைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் இனிக்கும், விதையைக் காப்பாற்றச் சொல்லும்போது இழுக்குமா? அந்த அக்கா பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. வாழ்த்துரை வழங்கியவர்களில் யாரையாவது ஒருவர் போய்த் தடுத்தாரா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. அந்த அக்காவின் பெயர் வந்தவர் பட்டியலிலேயே இல்லை. பதிவுப் படிவத்தில் சர்வே எண் கேட்டிருந்தார்கள். நிலம் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் அவருடைய பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர் திருப்பூரில் வேலையில் இருக்கிறார். வராத மனிதர் விவசாயி, வந்து சொல்லிக்கொடுத்த பெண் பார்வையாளர். சான்றிதழ்கூட வீட்டுக்காரர் பெயரில்தான் அச்சடித்து வந்தது.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவசாயிகளில் 86 சதவீதம் பேர் இரண்டு ஹெக்டேருக்குக் குறைவான நிலம் வைத்திருப்பவர்கள். தமிழ்நாட்டில் ஒருவர் வைத்திருக்கும் நிலத்தின் சராசரி ஒரு ஹெக்டேரைக்கூடத் தொடாது. அப்படியென்றால் நாங்கள்தான் விவசாயம். ஆனால் அதே கணக்கில் பெண்கள் பெயரில் இருப்பது நாடு முழுக்க 14 சதவீதம்தான். களை எடுப்பதிலும் கதிர் அறுப்பதிலும் விதை எடுத்து வைப்பதிலும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் காட்டிலாவது ஒரு நாள் போய் நின்று பாருங்கள். குத்தகைக்கு உழுகிறவர் நிலைமையும் இதேதான். பிஎம் கிசான் ஆறாயிரம் பட்டா வைத்திருப்பவருக்கு, வியர்வை குத்தகைக்காரருக்கு. அது அரசாங்கம், சட்டம் என்று ஏதாவது காரணம் சொல்லும். நாமே கூடி நடத்துகிற கூட்டத்துக்கு என்ன காரணம்?

என் அம்மா காலம் முழுக்கக் காட்டில்தான் கிடந்தார். எந்த வயலில் எந்த மூலை ஈரம் தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும், அப்பாவே அவரைக் கேட்டுத்தான் விதைப்பார். ரேஷன் கார்டில் அவருக்கு எதிரே "இல்லத்தரசி" என்று இருந்தது. ஒரு கூட்டத்துக்கும் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவரும் "சரிங்க சார்" என்றுதான் இறங்கியிருப்பார் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

"குறை சொல்ல ஆயிரம் பேர் வருவான், வேலைக்கு ஒருத்தன் வர மாட்டான்" என்று ஒருங்கிணைப்பாளர் தரப்பில் எழுதியிருக்கிறார்கள். நான் வருகிறேன். அடுத்த கூட்டத்துக்கான படிவத்தில் சர்வே எண் கட்டத்தை எடுத்துவிடுங்கள். என்ன வெள்ளாமை செய்கிறீர்கள், எதைச் சொல்லித்தர முடியும், எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மூன்றே கேள்வி போடுங்கள். காலை முழுக்க விவசாயிகள் பேசட்டும், விருந்தினர்கள் சாப்பாட்டுக்கு அப்புறம் வரட்டும், விதைக் கடைகள் மண்டபத்துக்கு உள்ளே இருக்கட்டும். அப்படி ஒரு படிவம் அடித்துக் கொடுத்தால் எழுமலையிலிருந்து செக்கானூரணி வரை வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டுப் பெண்கள் பெயரிலேயே நிரப்பி வாங்கி வந்து தருகிறேன். போன் நம்பர் உங்களிடம் இருக்கிறது.