தாத்தாவின் இசையைத் தேடிப்போன பேரன்

இசையில் ஆராய்ச்சி செய்கிறவருக்கு வாத்தியம் வாசிக்க வராது, வாசிக்கிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். அவர்களிடம் ஹேங்கஸ் நெட்ஸ்கியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பல்லாண்டுகளாக ஆசிரியர். ஜாஸில் ஊறியவர், பியானோவும் சாக்ஸபோனும் வாசிப்பவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பிறந்த ஊர் பிலடெல்பியா. தாத்தாவும் மாமாவும் அங்கே யூதக் கல்யாணங்களில் கிளெஸ்மர் வாசித்தவர்கள். கிழக்கு ஐரோப்பாவில் இத்திஷ் பேசிய யூதர்களின் கல்யாண இசை அது.

பேரன் கைக்கு அது தானாக வந்து சேரவில்லை. அந்த இசை வளர்ந்த ஊர்களை நாஜிகள் துடைத்து அழித்தார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில், அடுத்த தலைமுறைக்கு அது பழங்காலத்துச் சத்தமாகிவிட்டது. மிஞ்சியவை வயதான சில வித்வான்களும், பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும், நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டுகளும்தான்.

1920களில் கிளெஸ்மர் கிளாரினெட் வித்வான் நஃப்தூலி பிராண்ட்வைன் பதிவு செய்த தட்டு ஒன்றை நள்ளிரவில் கேட்டுப் பாருங்கள். முதலில் முள்ளின் இரைச்சல். பிறகு கிளாரினெட். ஒரு சுரத்தில் நின்று, அதன் கடைசியில் தொண்டை அடைத்தாற்போல ஒரு வெட்டு. 'கிரெக்ட்ஸ்' என்பார்கள், இத்திஷில் முனகல் என்று பொருள். கிளெஸ்மரில் அதிகம் புழங்கும் 'ஃப்ரேகிஷ்' அளவையின் சுரங்கள் நம் வகுளாபரண ராகத்தின் சுரங்களேதான். ஆனால் இந்த முனகலை எந்தச் சுரக்குறிப்பிலும் எழுதி வைக்க முடியாது. கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். கேள்வி ஞானம்!

நெட்ஸ்கியின் ஆராய்ச்சியே இதுதான் என்பேன். பழைய வித்வான்களைத் தேடிப்போய்ப் பேசினார். தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசித்தார். பிலடெல்பியாவின் கிளெஸ்மர் வரலாற்றைப் புத்தகமாகவே எழுதினார். 1980இல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கச்சேரிக்காகத் தொடங்கிய குழு, கிளெஸ்மர் கன்சர்வேட்டரி பேண்ட் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் வாசித்தது.

அந்தக் குழுவில் கிளாரினெட் வாசித்தவர் டான் பைரன். நியூயார்க்கின் பிராங்க்ஸில் வளர்ந்த கறுப்பின இளைஞர். யூதர் அல்லாதவருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. என்னால் அதை ஏற்கவே முடியாது. அந்த முனகலைப் பிடிக்க அவரும் அதே தட்டுகளின் முன்னால்தான் உட்கார்ந்தார். 1993இல், இத்திஷ் கலந்த நையாண்டிப் பாடல்களுக்குப் பேர்போன மிக்கி காட்ஸின் பாடல்களை மட்டுமே வைத்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். ஜாஸில் தனக்கென ஓர் இடம் பிடித்தார். பிற்பாடு அவரும் பல்கலைக்கழகங்களில் ஆசிரியரானார்.

நேற்று இரவும் பைரனின் அந்த ஆல்பத்தைக் கேட்டேன். கையோடு பிராண்ட்வைனின் தட்டையும் போட்டேன். நடுவில் எழுபது ஆண்டுகள். சுரத்தின் நுனியில் அதே வெட்டு.